தேதி போடாத லீவு

1

இந்தக் கதை ஒரு அகராதியிலிருந்து தொடங்கியது. எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். உங்களிடமும் முதலில் அதையே சொல்லிவிடுகிறேன்.

கீழ்பென்னாத்தூர் சாலையில் ஒரு உதவிபெறும் பள்ளியில் நான் ஆங்கிலம் நடத்துகிறேன். இருபத்து மூன்று வருடமாகிறது. பௌர்ணமிக்கு மறுநாள் எங்கள் பள்ளிக்கு வந்து பாருங்கள், எல்லோரும் அரைத்தூக்கத்தில் இருப்போம். மலையைச் சுற்றிவிட்டு வந்த வாத்தியார்கள் பாடம் நடத்துவார்கள். சுற்ற வந்தவர்களுக்கு டீ விற்ற வீட்டுப் பிள்ளைகள் அதைக் கேட்பார்கள். யாரும் யாரையும் எழுப்பமாட்டோம். அப்படி ஒரு மதியம், வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஆசிரியர் அறை அலமாரியிலிருந்த பெரிய ஆங்கில அகராதியைச் சும்மா பிரித்தேன். 'லீவ்' என்ற சொல்லில் போய் விழுந்தேன். மணி அடித்த பிறகுதான் எழுந்தேன்.

நம் ஊரில் லீவு ஆங்கிலச் சொல் என்பதே பலருக்கு மறந்துபோயிருக்கும். மழை வந்தால் 'லீவு விட்டுட்டாங்களா' என்று விடியற்காலையிலிருந்து டிவியைப் பார்க்கிறோம். தீபத்துக்கு லீவு, தேருக்கு லீவு. அவர்கள் லீவு விடுவார்கள், நாம் லீவு போடுவோம். இரண்டு பெரிய லீவுக்கு நடுவில்தான் ஒரு குழந்தை வளர்கிறது.

அகராதியில் அது ஒரு சொல் இல்லை, இரண்டு. ஒன்றுக்கு அனுமதி என்று பொருள். அந்தச் சொல்லின் வேரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் அன்பு வருகிறது, நம்பிக்கை வருகிறது. லவ் என்ற சொல்லும் அந்த வீட்டுப் பிள்ளைதானாம். இன்னொரு லீவுக்கு இப்போது விட்டுப்போவது என்று பொருள். ஆனால் அதன் பழைய பொருள் வேறு. மீதியாக இருக்க விடுவது, தங்கவைப்பது. உயிர், வாழ்வு ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் அதன் சொந்தக்காரர்கள். கிளம்பிப் போவது என்ற அர்த்தம் பல நூற்றாண்டு கழித்து வந்து ஒட்டிக்கொண்டது. ஒருவர் போய்விட்டார் என்று சொல்ல ஆங்கிலேயர்கள் எடுத்துக்கொண்ட சொல், ஆதியில் அங்கேயே நின்றுவிட்டதைப் பற்றிய சொல்.

மரம் துளிர்ப்பதற்கும் ஒரு லீவ் இருக்கிறது, அது இலையிலிருந்து வந்தது, இவர்களுக்கு உறவில்லை. கிரிக்கெட்டில் மட்டையை உயர்த்திப் பந்தைத் தொடாமல் போகவிடுவதும் லீவ். பில்லியர்ட்ஸ் ஆடுகிறவர்களுக்கு இன்னொன்று: நீங்கள் அடித்து முடித்த பிறகு மேஜையில் பந்துகள் எங்கெங்கே நிற்கின்றனவோ, அந்த நிலை. அடுத்தவர் அதிலிருந்துதான் ஆடவேண்டும்.

(அகராதி என்று சொன்னது முழுப் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. மூன்றாம் பகுதி வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

கைவிட்ட தொடக்கங்கள்:

'மலை அன்று மேகத்துக்குள் இருந்தது.' [இந்த ஊரில் எழுதுகிற எல்லோரும் மலையில்தான் தொடங்குகிறார்கள். மலைக்கே அலுத்திருக்கும்.]

'கோதண்டராமன் சார் செவ்வாய்க்கிழமை மாலை நாலே முக்காலுக்கு என் மேஜைக்கு' [நிறுத்திவிட்டேன். கிழமையையும் நேரத்தையும் யோசிக்காமலே எழுதிவிட்டது என்னைப் பயமுறுத்தியது.]

'லீவ் என்ற சொல்லுக்கு இத்தனை பொருள் உண்டு, ஆனால் கஸ்தூரிக்கு அவற்றில் ஒன்றுகூட' [இதை முடிக்கத் தெரியவில்லை. இதற்கு மேல் இரண்டு வாரம் ஒன்றும் எழுதவில்லை.]

இரண்டு பெயர்கள் வந்துவிட்டன. அறிமுகப்படுத்தாமல் விடுவது மரியாதை இல்லை. கோதண்டராமன் எங்கள் பள்ளிக் கணக்கு ஆசிரியர். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு பௌர்ணமியன்று மலை சுற்றப் போனவர் திரும்பி வரவில்லை. கஸ்தூரி அவருடைய மனைவி. கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில், ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறாள். தண்ணீர் பாட்டில், வெள்ளரிப் பிஞ்சு, வேகவைத்த வேர்க்கடலை. மற்ற கடைக்காரர்கள் பௌர்ணமியன்று சரக்கைப் பார்ப்பார்கள், சில்லறையைப் பார்ப்பார்கள். கஸ்தூரி நடக்கிறவர்களின் முகத்தைப் பார்ப்பாள்.

(நான் அவரை 'அவர்' என்றும் இவளை 'அவள்' என்றும் எழுதுவதைக் கவனித்திருப்பீர்கள். அவர் என்னோடு வேலை பார்த்தவர். இவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள், என்னை நம்புகிறவள். நம்புகிறவர்களை நாம் இப்படித்தான் ஒருமையில் வைத்துக்கொள்கிறோம்.)

3

உண்மையான தொடக்கம் இது.

கோதண்டராமன் சாரின் மகள் கீர்த்தனா இப்போது ஆறாம் வகுப்பு. என் வகுப்புதான். போன ஆடியில் இரண்டு நாள் வராமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் லீவ் லெட்டரோடு வந்து நின்றாள். வாங்கிப் பார்த்தேன். மாமா ஊர் அம்மன் திருவிழாவுக்குப் போனதாக எழுதியிருந்தது. நான் சிரித்துவிட்டேன். இருபத்து மூன்று வருடத்தில் இப்படி உண்மை பேசும் லீவ் லெட்டரை நான் பார்த்ததில்லை.

உங்களுக்குத் தெரியாததா? நம் ஊரில் பள்ளிக்கூடம் போன யாரை வேண்டுமானாலும் தூக்கத்தில் எழுப்பிக் கேளுங்கள், 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். நிச்சயதார்த்தம், புதுமனைப் புகுவிழா, மாட்டுக்குப் பிரசவம் எல்லாமே நம் லீவ் லெட்டரில் ஜுரம்தான். அதைப் பொய் என்று நினைத்து யாரும் எழுதுவதில்லை. வாத்தியார்களும் அப்படித்தான் எழுதுகிறோம். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி ஒரு பழக்கம்.

"ஃபீவர்னு எழுத வேண்டியதுதானடி, எல்லாரும் அப்டித்தான எழுதுவாங்க" என்று கேலியாகக் கேட்டேன்.

"எங்கம்மா எழுதக் கூடாதுன்னுட்டாங்க மிஸ். எங்க வீட்ல ஜுரம்ன்ற வார்த்தைய சொன்னாலே அழுவாங்க. அப்பாக்கு ஜுரம் வந்தப்போ அம்மா கூட இல்லியாம், அதனாலதான் அப்பா போயிட்டாராம்."

அவளை உட்காரச் சொன்னேன். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு அன்றைய தேதியை எழுதினேன். எழுதி முடித்த பிறகும் திரும்ப முடியவில்லை. அந்த ஜுரத்தைக் கஸ்தூரிக்குச் சொன்னவள் நான். அப்படி ஒரு ஜுரம் இருக்கவே இல்லை.

அகராதியை அன்று மதியம்தான் எடுத்தேன்.

4

கோதண்டராமன் சாரைப் பாத்திரமாக்குவது கஷ்டம். கதைக்கு ஏற்றபடி எதையும் செய்யாத மனிதர். கீழ்பென்னாத்தூர் பக்கம் மணிலா, அதாவது வேர்க்கடலை, போடும் குடும்பம். காதில் சாக்பீஸைச் செருகிக்கொண்டு மறந்துபோய்ப் பேருந்து ஏறிவிடுவார். தினமும் தயிர்சாதம். யாராவது ஊர்க்கதை பேசினால் "ஜாஸ்தி பேசினா கணக்கு மறந்துடும் மேடம்" என்று எழுந்துபோவார். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? முதல் வரைவில் அவருக்கு ஒரு சோகக் கண் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். அவர் கண் சாதாரணமான கண். சில நாள் கண்ணாடி போட்டிருப்பார்.

ஒன்று மட்டும் உண்டு. பதினோரு வருடமாக ஒரு பௌர்ணமி விடாமல் மலை சுற்றினார். எதற்கு என்று யாரிடமும் சொன்னதில்லை. என்னிடம் ஒருமுறை, பாதையில் பாதி தூரம் போனபிறகு தன் பெயர் தனக்கு ஞாபகம் வராமல் இருக்கும், அது நன்றாக இருக்கும் என்றார். நான் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது எங்கள் பழக்கத்தைச் சொல்லவேண்டும். வேறு வேலையில் இருப்பவர்களுக்கு விசித்திரமாக இருக்கலாம். கையெழுத்துப் போட்டு, தேதி போடாமல், ஒரு லீவ் லெட்டரை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைப்பது. மறுநாள் நேரத்துக்கு வந்துவிட்டால் அதை வாங்கிக் கிழித்துப் போட்டுவிடலாம். வரமுடியாவிட்டால் நண்பர் அன்றைய தேதியை எழுதி ஹெச்.எம். மேஜையில் வைத்துவிடுவார். ஹெச்.எம். வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையில் சி.எல். போடுவார். எல்லாம் முறைப்படி நடந்ததாக ஆகிவிடும். (இப்போது செல்போனிலேயே லீவு போடச் சொல்லிவிட்டார்கள். அப்போது காகிதம்.)

கோதண்டராமன் சாருக்கு அந்த நண்பர் நான்தான். பௌர்ணமி மாலை ஒரு லெட்டர் என் மேஜைக்கு வரும். அகராதிக்குள் செருகி வைப்பேன். முக்கால்வாசி நாள் அவர் முதல் மணிக்கே வந்துவிடுவார். நான் அதைக் கிழிப்பேன், அவர் கும்பிடுவார். அந்த லெட்டர்களிலும் அதே வரிதான், ஜுரத்தால் அவதிப்படுவதால்.

5

நடந்தது இது. அலங்கரிக்காமல் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பகுதியிலிருந்தும் தப்பித்துவிடுவேன்.

அந்த மாதம் கஸ்தூரி ஆரணியில் தங்கை பிரசவத்துக்குத் துணையாக இருந்தாள். நாலு வயதுக் கீர்த்தனாவும் கூடப் போயிருந்தாள். செவ்வாய்க்கிழமை பௌர்ணமி. புதன்கிழமை கோதண்டராமன் சார் வரவில்லை. மதிய மணி அடித்ததும் லெட்டரில் தேதியை எழுதி வைத்துவிட்டேன். தூங்கியிருப்பார் என்று நினைத்தேன். வியாழக்கிழமையும் வரவில்லை. அன்றைக்கும் ஒரு லெட்டர் போனது.

வியாழன் மதியம் கஸ்தூரி கூப்பிட்டாள். நேற்றிலிருந்து ஃபோன் அணைந்திருக்கிறது, பள்ளிக்கு வந்தாரா என்று கேட்டாள். நான் ஹெச்.எம். அறையில், அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"லீவு லெட்டர் குடுத்திருக்காரும்மா. ஜுரம்னு எழுதியிருக்காரு" என்றேன்.

"அய்யோ. நேர்ல வந்தா குடுத்தாரு?"

ஹெச்.எம். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் அந்த அறையில் என்ன ஆகும் என்பது ஒரு நொடியில் ஓடியது. தேதி போடாத லெட்டர், என் கையால் எழுதிய தேதி, மெமோ.

"ம்" என்றேன்.

அவ்வளவுதான். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகச் சின்ன பொய் அது. எழுத்தில் வைத்தால் ஒரு எழுத்து, ஒரு புள்ளி.

ஜுரத்தோடு நடந்து போய் லெட்டர் கொடுக்க முடிந்திருக்கிறதே, அப்படியென்றால் பெரிய ஜுரமாக இருக்காது, சனிக்கிழமை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கஸ்தூரி இருந்துவிட்டாள். தங்கைக்கு அன்று வலி வேறு எடுத்துவிட்டது. வெள்ளிக்கிழமையும் லெட்டர் போனது. சனிக்கிழமை சாயங்காலம் கஸ்தூரி வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் பாய் விரித்தபடி இருந்தது. பக்கத்தில் ஒரு சொம்பில் பாதித் தண்ணீர். செவ்வாய் மாலை பள்ளியிலிருந்து வந்ததும், நடப்பதற்கு முன்னால், அவர் ஒரு மணி நேரம் படுத்து எழுந்திருப்பார். எல்லாப் பௌர்ணமியும் படுப்பார். கஸ்தூரி அந்தப் பாயை மூன்று நாள் ஜுரத்தில் கிடந்த பாயாகப் பார்த்தாள்.

காவல் நிலையத்தில், வெள்ளிக்கிழமை வரை ஊரில் இருந்தார், பள்ளிக்கு லெட்டர் கொடுத்திருக்கிறார் என்று எழுதிக் கொடுத்தாள். பாதையோரக் கடைகளின் கேமராக்களில் வெள்ளிக்கிழமையிலிருந்து தேடினார்கள். அவர் அதில் எங்கும் இல்லை. செவ்வாய்க்கிழமைப் பதிவு அப்போது இன்னும் அழியாமல் இருந்தது. அடுத்த வாரம் அழிந்தது. அந்த ஒரு வாரமும் நான் தினமும் பள்ளிக்குப் போனேன், தினமும் பாடம் எடுத்தேன், இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும் என்று தினமும் நினைத்தேன்.

6

மூன்று நாளும் போன லெட்டர்கள் எங்கிருந்து வந்தன என்று நீங்கள் கேட்டிருக்கவேண்டும். என் மாணவர்களாக இருந்தால் கேட்டிருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை மாலை நாலே முக்காலுக்கு அவர் என் மேஜைக்கு வந்தார். எப்போதும் ஒன்று கொடுப்பவர், அன்றைக்கு மூன்று கொடுத்தார். மூன்றும் தனித்தனித் தாளில், ஒரே கையெழுத்து, ஒரே வரி. எதிலும் தேதி இல்லை.

"என்ன சார், மூணு சுத்து சுத்தப் போறீங்களா?" என்றேன்.

"இருக்கட்டும் மேடம்" என்றார்.

சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். காதில் சாக்பீஸ் இருந்தது. அதைச் சொன்னேன். எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. அவர் ஏன் மூன்று எழுதினார் என்பதற்கு நான் கண்டுபிடித்த காரணங்கள். அடித்துவிட்டேன். எனக்குத் தெரியாது.]

7

கஸ்தூரிக்கு ஏன் ஏழு வருடமாகச் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். முதலில் பயம், அப்புறம் வெட்கம். மூன்றாவதாக ஒன்று வந்து சேர்ந்தது. அதை நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜுரம் அவளைக் கொல்கிறது, உண்மை. கூட இல்லாமல் போய்விட்டேனே என்று அவள் அழுவது அந்த ஜுரத்தால்தான். ஆனால் அதே ஜுரம்தான் அவரைக் காப்பாற்றியும் வைத்திருக்கிறது. ஜுர வேகத்தில், புத்தி கலங்கி, எங்கேயோ எழுந்து போய்விட்டார் என்று அவள் நம்புகிறாள். புத்தி தெளிந்தால் வந்துவிடுவார். அதற்குத்தான் அந்தக் கடை, அந்த முகங்கள். ஜுரத்தை நான் எடுத்துவிட்டால் அவள் குற்றம் போய்விடும். ஆனால் மிச்சமிருப்பது என்ன? நல்ல உடம்போடு, தெளிந்த புத்தியோடு, மூன்று நாளைக்கு யாரும் தேடாதபடி ஏற்பாடு செய்துவிட்டுப் போன கணவன்.

ஒன்றைத் தராமல் இன்னொன்றைத் தரமுடியாது. இதனால்தான் கதையாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கதையில் எதையும் மாற்றலாமே.

இரண்டாம் வரைவில் அவருக்கு உண்மையாகவே ஜுரம் வரவைத்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், மூன்று பக்கம், என் கை தானாக ஓடியது. நூற்று மூன்று டிகிரி. பாயில் படுத்திருக்கிறார், சொம்பிலிருந்து தண்ணீர் குடிக்கிறார், புதன்கிழமை காலை போர்வையைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கு வந்து என் கையில் லெட்டரைக் கொடுக்கிறார். நேரில் வந்தா கொடுத்தார் என்று கஸ்தூரி கேட்கும்போது என் 'ம்' உண்மையாகிவிடுகிறது. படித்துப் பார்த்தேன். நான் எழுதியதிலேயே நல்ல பக்கங்கள் அவை. அழித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

முடிவுகளும் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: ஏழாம் வருடப் பௌர்ணமியில் அவர் கஸ்தூரியின் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்குகிறார். தன் பெயர் ஞாபகம் இல்லாத இடத்தில் நடந்துகொண்டிருக்கிறார். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள், [இதற்கு மேல் அவர் திரும்பவும் மாட்டேன் என்றார், போகவும் மாட்டேன் என்றார். அப்படியே நிற்கிறார்.]

இரண்டு: காவி உடுத்தி வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவராக நான் அவரைப் பார்க்கிறேன். காதில் சாக்பீஸ் இல்லை. அவர் என்னைத் தெரிந்துகொள்கிறார், விரலை உதட்டில் வைக்கிறார். [இந்த முடிவு எனக்கு வசதியாக இருக்கிறது. அதனாலேயே வேண்டாம்.]

மூன்று: [எழுதவில்லை. ஏரி, கிணறு என்று தொடங்கும் முடிவுகளை அவளுக்குத் தெரிந்தவர்கள் யாரும் எழுதக்கூடாது.]

அப்போதெல்லாம் மதியத் தூக்கத்தில் ஒரே கனவு வரும். வருகைப் பதிவேடு எங்கள் ஊர்ப் பாதை அளவுக்கு நீண்டு மலையைச் சுற்றிக் கிடக்கும். அதன்மேல் வெறுங்காலோடு நடந்துகொண்டிருப்பேன். கால் பட்ட கட்டங்களில் எல்லாம் சிவப்பு மை ஈரமாக ஒட்டும். முன்னால் யாரோ நடக்கிறார்கள், முதுகு மட்டும் தெரியும். கூப்பிட வாய் எடுத்தால் 'ம்' என்றுதான் சத்தம் வரும். விழித்தால் ஜன்னலில் மலை இருக்கும், மேகம் பாதிவரை இறங்கியிருக்கும். வேங்கிக்கால் பக்கம் புது வீடுகள் வந்த பிறகும் என் ஜன்னலை மட்டும் யாரும் மறைக்கவில்லை.

8

ஆவணிப் பௌர்ணமியன்று மதியம் கஸ்தூரியின் கடைக்குப் போனேன். கூட்டம் வர இன்னும் மூன்று நான்கு மணி நேரம் இருந்தது. பாட்டில்களைப் பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இங்கே எழுத ஆசை இல்லை. நன்றாகச் சொல்லவில்லை. நடுவில் லீவ் என்ற சொல்லின் வேர்களைப் பற்றிக்கூட இரண்டு வாக்கியம் பேசிவிட்டேன் என்று நினைக்கிறேன். தேதி போடாத லெட்டர், நாங்கள் எல்லோரும் எழுதும் அந்த ஜுரம், ஹெச்.எம். அறை, 'ம்'. மூன்று என்ற எண்ணை மட்டும் நான் சொல்லவில்லை.

கஸ்தூரி பாட்டில் அடுக்குவதை நிறுத்தவில்லை. ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசை போனாள்.

"அப்போ ஜுரமே இல்லியா?"

"இல்லம்மா."

"ஒடம்பு நல்லாதான் இருந்துச்சா?"

"செவ்வாக்கெழம சாயங்காலம் நல்லாதான் இருந்தாரு."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் குலுங்க அழுதாள். அது துக்கம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார், நான் ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினேன்.

"தண்ணி எடுத்துக் குடுக்கக்கூட ஆளில்லாம மூணு நாளு கெடந்தாருன்னு நெனச்சிட்டு இருந்தேன் டீச்சர்" என்றாள். "ஏழு வருசம்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, விட்ட இடத்திலிருந்து பாட்டில் எடுத்தாள். திட்டுவாள், கடையை விட்டுப் போ என்பாள் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலைந்து பாட்டில் கழித்துத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்ததும் அவள் எந்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டாள் என்று தெரிந்தது. அவள் புத்திசாலி. நான் அதை மறந்திருந்தேன்.

"மூணு நாளைக்கும் லெட்டர் இருந்துச்சே. ஸ்டேஷன்ல நானே பாத்தேன். மூணையும் அவரேதான் எழுதிக் குடுத்தாரா, அன்னிக்கே?"

பாதையில் ஒரு ஆட்டோ போனது. அது வளைவு தாண்டும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாத்தயும் எழுதிட்டு இருக்கேன் கஸ்தூரி. முடிச்சதும் உன்கிட்டதான் மொதல்ல குடுப்பேன்" என்றேன்.

அவள் கையிலிருந்த பாட்டிலை வரிசையில் வைத்தாள்.

"சரி, ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வரேன். படிச்சுத் தெரிஞ்சுக்கறேன்" என்றாள். கிளம்பும்போது எப்போதும்போல ஒரு தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்தாள்.

9

ஞாயிற்றுக்கிழமை இன்றைக்குத்தான்.

நீங்கள் படித்துவந்தது முதல் பிரதி. இரண்டாவது பிரதி ஒன்றும் இருக்கிறது. ஆறாம் பகுதியையும் அதைத் தொடும் வரிகளையும் தவிர மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த ஒன்பதாம் பகுதி இரண்டிலும் இல்லை, உங்களுக்கு மட்டும். அதில் கோதண்டராமன் சார் செவ்வாய்க்கிழமை எப்போதும்போல ஒரே ஒரு லெட்டர் கொடுக்கிறார். வியாழனுக்கும் வெள்ளிக்கும் உள்ளதை நான் எழுதுகிறேன், அவர் கையெழுத்தைப் பார்த்து, அவருக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு. அந்தப் பிரதியில் நான் கள்ளக் கையெழுத்துப் போட்டவள். கஸ்தூரி அதன்பிறகு என் முகத்தில் விழிக்கமாட்டாள். ஆனால் அவர் மறுநாள் காலை வேலைக்கு வருவதாக இருந்த மனிதர். வழியில் என்னவோ ஆகிவிட்டது. கடையில் உட்கார்ந்து முகங்களைப் பார்ப்பதற்கு அவளுக்கு ஒரு காரணம் இருக்கும்.

இதைத் தியாகம் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. நேற்றெல்லாம் நானும் அப்படித்தான் நினைத்தேன். காலையில் பல் துலக்கும்போது தோன்றியது, இதுவும் இன்னொரு 'ம்' தானோ என்று. அவள் நேராகக் கேட்கிறாள், நான் மறுபடியும் அவளுக்கு எது நல்லது என்று அவளைக் கேட்காமல் தீர்மானிக்கிறேன். முதல் தடவை என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்தேன். இரண்டாவது தடவை அவளைக் காப்பாற்ற என்கிறேன். அவளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் இருக்குமா? முதல் பிரதியைக் கொடுத்தால்தான் என்ன, அவர் ஏன் மூன்று எழுதினார் என்று அவள் கேட்பாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாத ஒன்றை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு உண்மையைச் சொன்னேன் என்று நான் நிம்மதியாகத் தூங்குவதா?

இரண்டு பிரதிகளும் அச்சாகி மேஜையில் இருக்கின்றன. ஒரே மாதிரி வெள்ளை உறை வாங்கியது முட்டாள்தனம். எது எதில் என்று இரண்டு முறை பிரித்துப் பார்த்துவிட்டேன்.

கஸ்தூரி வந்து கால் மணி நேரமாகிறது. கூடத்தில் இருக்கிறாள். டீ கொடுத்திருக்கிறேன். நல்ல புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு, ஏதோ விசேஷத்துக்கு வந்த மாதிரி வந்திருக்கிறாள். கண்ணாடியும் கொண்டுவந்திருக்கிறாள், இங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டுப் போகிறேன் என்றாள்.

நான் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு இந்த அறைக்குள் வந்தேன். வந்து, இந்தக் கடைசிப் பத்தியை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு விசைப்பலகைச் சத்தம் கேட்கும்.

"பிரிண்ட் இன்னும் வரலியா டீச்சர்?"

வந்துவிட்டது. உங்களுக்கு எல்லாம் தெரியும், அவளிடம் எனக்கு இருக்கிற பயம் உங்களுக்கு இல்லை. எந்த உறை என்று நீங்கள் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள், கதவைச் சாத்தவில்லை.